தாயுரிமையும் அன்னி பெசண்ட் அம்மையாரும்

கணவனும் மனைவியும் மனமொவ்வாது பிரிய நேருங்கால், குழந்தை யாருக்குரியது என்னும் வழக்கு எழுவது இயல்பு. பிள்ளை தகப்பனுக்கே உரியது என்று ஒரே சொல்லில் தீர்ப்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அச்சொல்லின் கொடுமையைத் தாயாக அனுபவித்தவர் அன்னி பெசண்ட் அம்மையார். காங்கிரஸ் மகாசபையின் தலைவராக விளங்கிய அவரை அறிந்த நம்மவரிற் பலர் இத்துயரத்தை அறியார். ஆதலின் அதனை ஈண்டு எடுத்துரைப்போம்.

அம்மையார் 1847-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் பிறந்தார். இருபதாம் வயதில் பிராங்க் பெசண்ட் என்னும் பாதிரியாரை மணந்து, டிக்பி என்னும் மகனையும் மேபெல் என்னும் மகளையும் பெற்றார். 1871-இல் கைக்குழந்தையாகிய மேபெல் கக்குவான் இருமலால் உயிருக்கு மன்றாடிற்று. அல்லும் பகலும் அதனைக் காத்த தாயுள்ளத்தில் கடவுளின் கருணையைப்பற்றி ஐயம் பிறந்தது. தேவாலயச் சடங்கிற் கலந்துகொள்ள மறுத்ததனால் 1873-இல் கணவரைப் பிரிய நேர்ந்தது. மகன் தந்தையிடத்தும், மகள் தாயிடத்தும் இருப்பதென்று பத்திரம் எழுதப்பட்டது.

ஆங்கிலேயரின் பழஞ்சட்டப்படி, முறையாகப் பிறந்த குழந்தைக்குத் தந்தை ஒருவரே உரிமையாளர். 1839, 1873-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தாய்க்குச் சிறிது இடமளித்தன. குழந்தையைத் தாயிடம் விடும் பத்திரம் செல்லும் என்றும், குழந்தையின் நன்மைக்கு ஒவ்வாதாயின் நீதிமன்றம் அதனை விலக்கலாம் என்றும் பின்னைய சட்டம் கூறிற்று. அவ்விலக்கே அம்மையாருக்கு வினையாயிற்று.

1877-இல் அவர் சார்லஸ் பிராட்லா என்பாருடன் கூடிக் கருத்தடையைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டு வழக்குக்குள்ளானார். அதனையும் அவரது நாத்திகத்தையும் காட்டிக் கணவர் மகளைக் கோரினார். 1878-இல் நீதிபதி ஸர் ஜார்ஜ் ஜெஸ்ஸெல், ஏழு வயதுச் சிறுமியைத் தாயிடமிருந்து பிரிக்கத் தீர்ப்பளித்தார். மேல்மன்றமும் மறு ஆண்டு அதனையே உறுதிசெய்தது. ஆயினும் வயது வந்தபின் மக்கள் இருவரும் தாயையே நாடி வந்தனர். சட்டம் அறுத்த பாசத்தைக் காலம் முடிந்து வைத்தது.

1893-இல் அம்மையார் தூத்துக்குடியில் வந்திறங்கினார். நம் சிவகிரி அடங்கியிருந்த அந்நாளைய திருநெல்வேலி ஜில்லாவின் துறைமுகமே இந்நாட்டில் அவர் முதலில் அடிவைத்த இடம். பின்னர் பிரம்மஞான சங்கத்தின் தலைவராகி அடையாற்றில் வாழ்ந்தார்.

அங்கே விதி வேறொரு வழக்கை விளைத்தது. தாயை இழந்த சிறுவர்களாகிய கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தா இருவரையும் அவர்தம் தந்தை நாராயணய்யா 1910-இல் அம்மையாரின் பாதுகாப்பில் விட்டார். 1912-இல் மனம் மாறி வழக்கிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் தந்தைக்கே தீர்ப்பளித்தது. 1914-இல் பிரிவி கவுன்சிலார் அதனை மாற்றினர். சிறுவர்கள் இங்கிலாந்தில் இருக்க, அவர்தம் நலனையும் விருப்பத்தையும் ஆராயாது சென்னையில் ஆணையிட்டது தகாது என்றனர். தம் மகவைப் பறிகொடுத்த தாயே மற்றொருவர் மக்களுக்காகத் தந்தையோடு வழக்காடியது முரணே எனலாம். எனினும் இவ்விரண்டு வழக்கும் ஓருண்மையை உணர்த்துகின்றன. குழந்தை, பெற்றோர் பங்கிடும் சொத்தன்று; அதற்கென்று ஒரு நலனும் மனமும் உண்டு.

அம்மையார் 1933-இல் அடையாற்றில் காலமானார். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம் குழந்தையின் நலனே தலையாயது என்று விதித்து, ஐந்து வயது நிரம்பாத குழந்தை பெரும்பாலும் தாயிடமே இருக்கவேண்டுமென்றது. ஆயினும் இயற்கைக் காப்பாளராகத் தந்தையை முதலில் வைத்து, அவருக்குப் பின்னரே தாய் என்றது. தந்தை உயிரோடிருப்பினும் பொறுப்பேற்காதபோது தாயே காப்பாளராவார் என 1999-இல் உச்ச நீதிமன்றம் பொருள் விரித்தது. ஏட்டில் அவ்வரிசை இன்னும் மாறவில்லை.

அன்பர்காள்! ஏடு மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. குடும்பப் பிணக்குகள் நம் சங்கத்துப் பெரியோரிடம் வருங்கால், குழந்தையின் பசியறிந்து ஊட்டியவர் யார், பள்ளிக்கு அனுப்புபவர் யார், அதன் உள்ளம் எவரை நாடுகிறது என்பவற்றை முதலில் வினவுவோமாக. தாயையும் தந்தையையும் ஒரே தட்டில் நிறுத்திப் பார்க்கும் சமூகமே மக்களை நன்கு வளர்க்கும்.