காஞ்சியில் தோற்று டில்லியில் பேசியவர்

மலர்க்குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் போன் செய்தான். ஒரு பெரியவரைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுடா, ஆனா அரசியல் மட்டும் வேணாம்ப்பா என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். சரிடா என்று நானும் சொல்லிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் ராயபுரத்துப் பையன் எழுத அரசியல் இல்லாத பெரியவர் எங்கே கிடைப்பார்? துறைமுகத்துச் சங்கும் சங்கத்துக் கொடியும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆகவே நண்பர்களே, கட்சி பேசாமல் அண்ணாவைப் பற்றி எழுதுகிறேன்.

அண்ணாவின் மேடைப் பேச்சு, நாடகம், சினிமா வசனம் பற்றியெல்லாம் எத்தனையோ மலர்களில் படித்திருப்பீர்கள். 1962 முதல் 1967 வரை டில்லியில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தாரே, அந்த அண்ணாவைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. எங்கள் பி.யு.சி. வகுப்புக்கு அவரிடம் ஒரு தனிக் கடன் இருக்கிறது. 1968-ல் கல்லூரியில் சேரும்போது நாங்கள் கொண்டுவந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் மெட்ராஸ் மாநிலம் என்று இருந்தது. 1969-ல் டி.சி. வாங்கிக்கொண்டு வெளியே போனபோது நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒரே வகுப்பில் உட்கார்ந்தபடியே ஊர்ப் பெயர் மாறிய கூட்டம் நாங்கள்!

எங்கள் வீட்டில் நைனா துறைமுகத்தில் டாலி கிளார்க். காமராசர் என்றால் உயிர். சித்தப்பாவோ கழகம். இரண்டு பேரும் ஒரே தட்டில் வறுத்த வஞ்சிரம் சாப்பிடுவார்கள், சாப்பிட்ட கையோடு சண்டை போடுவார்கள். இருவரின் சண்டையிலும் அண்ணா மட்டும் நடுவிலே மரியாதையாக இருப்பார். எதிராளி ஆனாலும் படிச்ச மனுஷன்டா என்பார் நைனா.

அண்ணா பிறந்தது காஞ்சிபுரத்தில், 1909 செப்டம்பர் 15-ந் தேதி. நெசவாளர் ஊரின் சாதாரணக் குடும்பம். தாயார் பங்காரு அம்மாள், வளர்த்தது சிற்றன்னை ராஜாமணி அம்மாள். பள்ளிப் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு நகராட்சியில் குமாஸ்தா வேலை பார்த்து, மறுபடி வந்து படித்தவர். 1928-ல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அந்தக் கல்லூரி சேத்துப்பட்டுக்குப் போகவில்லை, நம்ம ஜார்ஜ் டவுனிலேயே இருந்தது. 1934-ல் எம்.ஏ. முடித்தார். அதற்குப் பிறகு அவர் முதன்முதலாக ஓட்டுக் கேட்டு நின்றதும் இந்தப் பக்கம்தான்: மாநகராட்சித் தேர்தல், பெத்துநாயக்கன்பேட்டை. தோற்றுப் போனார்.

1949 செப்டம்பரில் பெரியாரைப் பிரிந்து புதுக்கட்சி தொடங்க முடிவானது பவளக்காரத் தெருவில். மறுநாள் கொட்டும் மழையில் தொடக்கக் கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். கட்சி அலுவலகம் அறிவகமும் ராயபுரத்திலேயே அமைந்தது. சித்தப்பா அந்த மழையில் நனைந்தவர். அதைச் சொல்லாமல் ஒரு தீபாவளியும் எங்கள் வீட்டில் முடிந்ததில்லை.

இனி சபைக்கு வருகிறேன். இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாநிலங்களவை 1952 ஏப்ரலில் அமைந்தது. மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை, சட்டமன்ற உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் ஆறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு பேர் ஓய்வு பெறுவார்கள். சபையை ஒட்டுமொத்தமாகக் கலைக்க முடியாது. அமெரிக்காவின் செனட்டில் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு இரண்டு இடம். அங்கேயும் 1913 வரை மாநிலச் சட்டமன்றங்கள்தான் செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தன. நம் நாட்டில் மக்கள்தொகையைப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்துக்கு 31, சிக்கிமுக்கு 1.

1952-ல் பழைய சென்னை மாகாணத்துக்கு 27 இடம் இருந்தது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. நமக்கு 17 ஆயிற்று. பிறகு எல்லைப் போராட்டத்தின் பலனாகத் திருத்தணி நம்மோடு சேர்ந்தது. அந்த எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது 17 என்பது 18 ஆயிற்று. இதில் ஒரு வேடிக்கை! அப்போது அந்தச் சபைக்குத் தலைவராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தது திருத்தணியில்தான்.

1957-ல் கழகத்துக்குச் சட்டமன்றத்தில் 15 பேர். மாநிலங்களவைக்கு ஆள் அனுப்ப அது போதாது. 1962 தேர்தலில் 50 பேர் ஜெயித்தார்கள். ஆனால் படைத்தலைவரே விழுந்துவிட்டார்! காஞ்சிபுரத்தில் அண்ணா காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். அன்றைக்கு நைனாவே சந்தோஷப்படவில்லை என்று சித்தப்பா பின்னாளில் சொல்வார். சட்டமன்றத்தில் மொத்தம் 206 பேர். ஆறு இடத்துக்குத் தேர்தல் என்றால் 206-ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள், சுமார் 30 ஓட்டு இருந்தால் ஓர் இடம் நிச்சயம். 50 பேர் கையில் இருந்தார்கள். சொந்த ஊர் வேண்டாம் என்று சொன்ன மனிதரைச் சட்டமன்றம் 1962 ஏப்ரலில் டில்லிக்கு அனுப்பியது.

1962 மே 1-ந் தேதி அவருடைய கன்னிப் பேச்சு. அழகான ஆங்கிலம், ஆனால் கேட்டது சாதாரண விஷயம் இல்லை. திராவிட நாட்டுக்குத் தன்னாட்சி உரிமை வேண்டும் என்று, இந்தியாவின் ஒற்றுமையைக் காக்க உட்கார்ந்திருந்த சபையின் நடுவே நின்று கேட்டார். எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அவர் கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. மற்ற மாநிலத்தவர்மேல் எனக்குப் பகை கிடையாது, என் மண்ணுக்குத் தனியாகச் சிலது இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்பது அவர் பேச்சின் சாரம்.

அந்தக் கோரிக்கை என்ன ஆயிற்று? இதை மூடி மறைக்கக் கூடாது. அதே வருஷம் விலைவாசி உயர்வை எதிர்த்த மறியலில் அவர் வேலூர்ச் சிறைக்குப் போனார். அக்டோபரில் சீனப் போர் மூண்டது. பிரிவினைப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு நாட்டின் பாதுகாப்புக்குத் துணை நிற்கிறோம் என்று அறிவித்தார். 1963-ல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்கிறவர் நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றார்கள். அதை அவர் சபையிலே எதிர்த்துப் பேசினார். ஆனால் சட்டம் நிறைவேறியபின் 1963 இறுதியில் கட்சி அந்தக் கோரிக்கையையே கைவிட்டது. பயந்துட்டாரு என்று நைனா சொல்வார், வளைஞ்சு கொடுத்து வீட்டைக் காப்பாத்தினாரு என்று சித்தப்பா சொல்வார். என் வயசுக்கு இப்போது தோன்றுவது வேறு. பதினான்கு வருஷம் ஊர் ஊராகச் சொன்ன ஒன்றை, ஊர் பார்க்க விட்டுவிடுவது சுலபமான காரியமா? விட்ட பிறகும் மாநிலத்துக்காகப் பேசுவதை அவர் விடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏனென்றால் அதே 1963-ல்தான் பெயர் மசோதா விவாதத்துக்கு வந்தது. மெட்ராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லும் தனிநபர் மசோதா. கொண்டுவந்தவர் தமிழர் அல்ல, மேற்கு வங்கத்துக் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா! இந்தப் பெயருக்காக 1956-ல் விருதுநகரில் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்டிருந்தார். அண்ணா எழுந்து ஆதரித்துப் பேசினார். பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று வரிசையாகச் சாட்சிகளை அடுக்கினார். பெயரை மாற்றி என்ன லாபம் காணப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி வந்தது. அண்ணா கேள்வியைத் திருப்பிப் போட்டார். பார்லிமெண்டின் கீழ்ச்சபைக்கு லோக்சபா என்றும், இந்தச் சபைக்கு ராஜ்யசபா என்றும், ஜனாதிபதிக்கு ராஷ்டிரபதி என்றும் பெயர் வைத்து நீங்கள் கண்ட லாபம் என்னவோ, அதுதான் எங்களுக்கும் என்றார். அவருக்குப் பதில் கிடைத்ததோ இல்லையோ, மசோதா தோற்றது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். படிப்பு முடிந்து எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அங்கே எச்சரிக்கைப் பலகை எல்லாம் இங்கிலீஷ். தப்பான வால்வைத் திறந்து ஒரு கேஷுவல் தொழிலாளிக்குக் கை வெந்துபோயிற்று. பலகைகளைத் தமிழிலும் எழுத வேண்டும் என்று கமிட்டிக் கூட்டத்தில் கேட்டேன். செலவு, அவசியமில்லை என்றார்கள். கை தூக்கச் சொன்னபோது என்னோடு சேர்த்து இரண்டே கை. அவமானமாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் ஒரு பெரிய ஃபோர்மேன், மினிட்ஸ்ல ஏறிடுச்சில்ல, விடு தம்பி என்றார். இரண்டு வருஷம் கழித்துப் புது மேலாளர் வந்தார். பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். அடுத்த மாதமே தமிழில் பலகை மாட்டினார்கள். அந்தத் தொழிலாளியின் கை திரும்பி வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வால்வில் யாருக்கும் கை வேகவில்லை.

சபை என்பதும் ஒரு பெரிய மினிட்ஸ் புத்தகம்தான். அங்கே தோற்றாலும் சொன்னது பதிவில் இருக்கிறது.

1963 கடைசியில் மொழிப் பிரச்சினையில் அண்ணா மறுபடி கைதாகி ஆறு மாதத் தண்டனை பெற்றார். 1967 தேர்தலில் தென்சென்னையில் மக்களவைக்கு நின்று ஜெயித்தார். சட்டமன்றத்தில் 234-க்கு 137 இடம் கழகத்துக்குக் கிடைத்தது. மார்ச் 6-ந் தேதி முதலமைச்சர் ஆனார். மக்களவை இடத்தை விட்டுவிட்டுச் சட்ட மேலவை உறுப்பினராகித்தான் ஆட்சி நடத்தினார். காஞ்சிபுரத்துத் தோல்விக்குப் பிறகு அவர் சட்டமன்றத் தொகுதி எதிலும் ஜெயித்து உட்காரவே இல்லை! 1967 ஜூலை 18-ந் தேதி தமிழ்நாடு என்ற பெயருக்கான தீர்மானத்தைச் சட்டமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாரும் சேர்ந்து. நைனாவும் சித்தப்பாவும் சண்டை போடாத ஒரு ராத்திரி அது. ஐந்து வருஷம் முன்பு இல்லை என்று சொன்ன அதே பார்லிமெண்ட் 1968-ல் சரி என்று சட்டம் போட்டது. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில் பெயர் நடைமுறைக்கு வந்தது.

இருபதே நாள். பிப்ரவரி 3-ந் தேதி அண்ணா போய்விட்டார். புற்றுநோய். வயசு அறுபதுகூட ஆகவில்லை. எங்கள் வகுப்பே இறுதி ஊர்வலத்துக்கு நடந்தது. காங்கிரஸ்காரர் நைனா ஷிஃப்டுக்குப் போகாமல் எங்களோடு வந்தார். மவுண்ட் ரோடு கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நடந்தார்.

இன்றைக்கும் நமக்கு அந்தச் சபையில் 18 இடம்தான். இப்போது சட்டமன்றத்தில் 234 பேர். ஆறு இடத்துக்குத் தேர்தல் வந்தால் ஓர் இடத்துக்கு 34 ஓட்டு வேண்டும். 2003-ல் சட்டம் திருத்தினார்கள். எந்த மாநிலத்தில் வாக்காளராக இருப்பவரும் எந்த மாநிலத்தின் சார்பிலும் உறுப்பினர் ஆகலாம் என்றாகிவிட்டது. உச்ச நீதிமன்றமும் 2006-ல் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே அனுப்பப்படுகிறவர் நம் ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று சட்டம் இப்போது கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். நமக்காகப் போன 18 பேர் யார், போய் என்ன பேசினார்கள்? மாணவத் தம்பி தங்கைகள் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? என் வகுப்புத் தோழர்களையும் கேட்டுப் பார்த்தேன், மூன்று பெயருக்கு மேல் யாரும் தாண்டவில்லை. என்னையும் சேர்த்துத்தான்!

ராபின்சன் பூங்காவுக்கு இப்போது அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர். சந்திப்பு நாள் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, முழங்கால் ஒத்துழைக்கிறவர்கள் அங்கே ஒரு நடை போய் வரலாம் என்று இருக்கிறோம். திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு கூட்டாளிகள் எல்லாரும் வந்துவிடுங்கள். வரும்போது அந்தப் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் இன்றைய மாணவர்களுக்கும் காட்டுவோம், நாங்கள் இந்தக் கல்லூரிக்குள் நுழைந்தபோது நம் மாநிலத்துக்கு என்ன பெயர் இருந்தது என்று.