கடல் கடந்து மீண்ட குமரப்பா

மேனாடு சென்று கற்று மீண்ட அறிஞர்க்குத் தம் வீட்டுத் திண்ணையே அயலாகத் தோன்றும் காலம் ஒன்று உண்டு. சிலர் மீண்டும் கப்பல் ஏறினர்; சிலர் ஊரைப் பழித்தே வாழ்ந்து முடித்தனர். ஜே. சி. குமரப்பா தேர்ந்த வழி வேறு.

1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ், இலண்டனில் கணக்கியல் கற்றுப் பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். ஆங்கில உடையும் ஆங்கில ஒழுங்கும் அவர்க்கு இயல்பாயின. 1927இல் அமெரிக்கா சென்று, சிரக்கியூஸில் வணிக மேலாண்மை பயின்றபின், கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடம் பொருளியல் ஆய்வில் ஈடுபட்டார். இந்தியா ஏன் வறுமையுற்றது எனத் தேவாலயம் ஒன்றில் அவர் ஆற்றிய சொற்பொழிவே ஆய்வுப்பொருளாயிற்று. ஆளும் இனத்தின்பால் கொண்டிருந்த மதிப்பு நியூயார்க்கில்தான் உடைந்தது. தாயகத்தை அயலகத்தில் நின்று கண்டவர் எனலாம். கண்டது எண்களாக மட்டுமே என்பதும் உண்மை.

1929இல் மீண்டார். குடும்பத்தின் பழம்பெயரான குமரப்பாவை ஏற்றார். ஆய்வேட்டைக் காந்தியடிகளிடம் காட்ட மே 9 அன்று பட்டுடையும் கைத்தடியுமாகச் சபர்மதி சென்றார். விருந்தினர் அறையில் கயிற்றுக்கட்டில் ஒன்றே கிடந்தது. அஃது அவர்க்கு உவப்பாக இல்லை. குறித்த நேரத்துக்கு முன்னரே உலாவப் புறப்பட்டவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் நூற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை நின்று நோக்கினார். அவர் யாரெனத் தெரிந்ததும், உடை கெடுவதைப் பொருட்படுத்தாது தரையில் அமர்ந்தார். நாற்காலி வந்தும் ஏறவில்லை. இது பலரும் அறிந்த நிகழ்ச்சி. ஆயின் மாற்றம் அக்கணமே நிறைவுற்றது என்பது கதை சொல்வோரின் விருப்பம்.

உண்மைச் சோதனை பின்னரே வந்தது. ஆய்வேட்டை யங் இந்தியாவில் வெளியிட இசைந்த அடிகள், குஜராத்தின் சிற்றூர்களை ஆராயுமாறு வேண்டினார். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவரை உடன்கொண்டு, கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் உழவரின் வருவாயும் கடனும் வரியும் கேட்டுப் பதிந்தார். மொழியறியாப் பேராசிரியர் மாணவரின் வாய்வழியே தம் நாட்டைக் கற்றார். கொலம்பியாவில் போட்ட கணக்கு உழவரின் முற்றத்தில் சரிபார்க்கப்பெற்றது. கோட்டும் கால்சட்டையும் கதருக்கு இடம் விட்டன. அவ்வறிக்கை 1931இல் நூலாயிற்று.

1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், கையால் செய்த காகிதம் ஆகியவற்றோடு பனைவெல்லத்துக்கும் அங்கே இடமிருந்தது. ஆலைச் சர்க்கரைக்காக நன்னிலத்தை உணவுப்பயிரினின்று பறித்தல் தகாது, பயன்படா நிலத்தில் நிற்கும் பனையே போதும் என்பது அவர் வாதம். தென்பெண்ணைக் கரையில் கரும்பை நம்பி வாழும் மூங்கில்துறைப்பட்டினர்க்கு இக்கருத்து இனிக்காது. அவர் இனிப்பதற்காகச் சொன்னவரும் அல்லர். ஆயினும் விளைச்சலின் பயன் யாருக்கு என்று அவர் எழுப்பிய வினாவை, வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து பழகிய உழவர் எளிதில் புறந்தள்ளமாட்டார்.

1942 போராட்டத்தை ஒட்டிச் சிறையுற்றபோது, ஜபல்பூர்ச் சிறையில் எகானமி ஆஃப் பெர்மனன்ஸ் என்னும் நூலை எழுதினார். விடுதலைக்குப்பின் அரசு சென்ற தொழில்மய வழியோடு அவர்க்கு உடன்பாடில்லை. மணம் புரியாது வாழ்ந்தவர், நலிந்த உடலோடு 1953இல் தமிழகம் வந்து, மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் தங்கினார். ஏழைக் குடியானவர் ஒருவரின் படத்தை வைத்திருந்து, தம் ஆசானுக்கும் ஆசான் இவரே என வந்தவர்க்குக் காட்டுவார். 1960 ஜனவரி 30ஆம் நாள் மதுரையில் மறைந்தார்.