நீலகிரியில் ஓர் உளநூலாசிரியர்: டாக்டர் றிவேர்ஸ்

ஆசிரியத் தொழிலில் அமர்ந்த எம்மனோர் ஆண்டுதோறும் பிள்ளைகளை அளந்த வண்ணம் இருக்கின்றோம். இன்னவன் கூரியன், இன்னவன் மந்தன் என்று புள்ளியிட்டு எழுதிவிடுகின்றோம். லயத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று இம்மலைநாட்டிலே ஒரு காலத்திற் பெரிய மனிதர் பலர் துணிந்து கூறினர். அக்கூற்றைப் பொய்யாக்கிய பழைய மாணவர் பலர் இம்மலரை இப்போது கையில் வைத்திருப்பர். ஆதலின், ஓரினத்தாரின் அறிவை மற்றோரினத்தார் அளக்கப் புகுந்தால் யாது நிகழும் என்பதைக் கடல் கடந்து சென்று ஆராய்ந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்க எண்ணினோம்.

வில்லியம் ஹால்ஸ் றிவேர்ஸ் றிவேர்ஸ் என்பது அவரது முழுப்பெயர். றிவேர்ஸ் என்பது இருமுறை வருதல் அச்சுப்பிழையன்று. இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்தில் 1864ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் திக்குவாய் திருத்துவதிற் பெயர்பெற்ற பாதிரியார். மைந்தர்க்கோ திக்கல் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. இலண்டனில் மருத்துவம் பயின்று 1886இல் தேறி, கப்பல் வைத்தியராய்ச் சில காலம் உலகஞ் சுற்றினார். பின்னர்க் கேம்பிறிட்ஜ் சென்று ஐம்புலன்களின் இயல்பைக் கற்பித்தார். 1897இல் அப்பல்கலைக்கழகத்திற் பரிசோதனை உளநூலுக்கு விரிவுரையாளரானார். மயேர்ஸ், மக்டூகல் என்னும் பிற்காலப் பேரறிஞர் இருவரும் அவரிடம் பயின்றவர்களே. நாத்திக்குவோர் நல்லாசிரியராதல் அரிது என்பாரை இவ்விடத்தில் யாம் சற்று நிறுத்திக்கொள்வோம்.

1898இல் ஹடன் என்பார் (எமது அட்டன் நகரோடு மயங்கற்க) தொறெஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஓர் ஆராய்ச்சிக் குழுவை நடத்திச் சென்றார். அத்தீவுகள் அவுஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையில் உள்ளன. அக்குழுவில் றிவேர்ஸ் உளநூற் பரிசோதனைகளுக்குத் தலைமை வகித்தார். காட்டு மக்களுக்குக் கண்ணும் காதும் மிகக் கூர்மை, அக்கூர்மையே அவர்தம் சிந்தனையைக் குன்றச் செய்தது என்பது அக்காலத்து ஐரோப்பியர் பலரின் நம்பிக்கை. ஸ்பென்சர் போன்ற தத்துவ ஞானியரும் அவ்வாறே எழுதியிருந்தனர். மரே தீவில் அத்தீவினரின் கண்களைச் சோதித்த றிவேர்ஸ், அவை ஆங்கிலேயர் கண்களிலும் சிறிதே மேம்பட்டவை எனக் கண்டார். தொலைவில் வரும் படகை அவர்கள் முந்தி அறிந்தது பழக்கத்தினால். எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எமது மலைகளிலே கொழுந்தெடுக்கும் தாய்மாரின் விரல்கள் இரண்டிலையும் மொட்டும் தேர்ந்து நொடியிற் கிள்ளுவதைக் கண்டார்க்கு இவ்வுண்மை புதிதன்று.

கோட்டு மயக்கம் பற்றிய சோதனை இன்னும் சுவையுடையது. சம நீளமுள்ள இரு கோடுகளில், ஒன்றன் முனைகளில் அம்புத்தலையை உள்நோக்கியும் மற்றதன் முனைகளில் வெளிநோக்கியும் வரைந்தால், ஒன்று மற்றதிலும் நீண்டதாகத் தோன்றும். இம்மயக்கத்துக்குப் படித்த ஆங்கிலேயர் கூடுதலாகவும் தீவினர் குறைவாகவும் ஆளாயினர். ஆனால் நிலைக்கோட்டையும் கிடைக்கோட்டையும் ஒப்பிடும் வேறொரு மயக்கத்தில் தீவினரே கூடுதலாக ஏமாந்தனர். ஓரினம் அறிவுடையது, மற்றது அறிவற்றது என்ற ஒற்றைத் தராசில் இவ்விரு முடிபுகளையும் நிறுக்க இயலாது.

எனினும் ஸ்பென்சரின் கொள்கையை அவர் அன்று முற்றாகக் கைவிட்டாரல்லர். புலன்களில் மிக ஈடுபடுவோர்க்கு உயர்சிந்தனை தளரும் என்று அவரும் எழுதினார். இதனை மறைத்தல் வரலாறெழுதுவார்க்கு அழகன்று. தீவினரின் மொழியில் நீலநிறத்துக்குத் தெளிவான சொல் இல்லாமை கண்டு, அவர்தம் கண்ணுக்கே அந்நிறத்தில் உணர்வு குறைவு என்றும் கருதினார். திச்சனர் என்னும் உளநூலார் 1916இல் இவர்தம் சோதனைமுறைகளைக் கடிந்து எழுதினார். கார்வண்ணனென்றும் நீலவண்ணனென்றும் ஒருவனையே பாடும் தமிழரைச் சோதித்திருப்பின், எமக்கும் கருமைக்கும் நீலத்துக்கும் வேற்றுமை தெரியாதென்று எழுதியிருப்பாரோ, யாம் அறியோம்.

அடுத்து அவர் வந்தது தமிழ் வழங்கும் நிலத்துக்கு. 1901-02இல் நீலகிரியில் தோடரிடையே தங்கினார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் இப்பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலிருந்தும் அயல் தோட்டங்களிலிருந்தும் பிரிந்து சென்ற எம்மவருட் பலர் குடியேறிய கோத்தகிரியும் கூடலூரும் அம்மலைகளிலேயே உள்ளன. உறவினர்க்கு அங்கே கடிதமெழுதிய குடும்பங்கள் எம்மிடையே பல உண்டு. தோடர் அன்று ஏறத்தாழ 800 பேரே. எருமை வளர்ப்பது அவர் தொழில். பால் கடையும் மனையே அவர்க்குக் கோவில். றிவேர்ஸ் அவர்களின் கண், தோல், நோவுணர்ச்சி ஆகியவற்றைச் சோதித்ததோடு நில்லாது, மந்துகள்தோறும் சென்று குலமுறை கேட்டு எழுதினார். இறந்தாரின் பெயரைச் சொல்லுதல் தோடர்க்கு ஆகாது. ஆதலின் ஒருவரின் முன்னோர் பெயரை மற்றக் குடும்பத்தாரிடமே மறைவிற் கேட்டறிய வேண்டியிருந்தது.

அங்கேதான் அவருக்கு ஒரு சோதனை வந்தது. புனித இடங்களைக் காட்டிய ஒருவர் நோயுற்றார். சடங்கினை விளக்கிய மற்றொருவர் சில நாளில் மனைவியை இழந்தார். வேறொருவரின் மந்து எரிந்தது. மறைபொருளை அந்நியனுக்கு உரைத்தமையாலே தெய்வம் சினந்தது எனக் குறிசொல்வோர் கூறினர். அதன் பின்னர் வாய் திறப்பார் அருகினர். இதனை றிவேர்ஸ் 1906இல் வெளியிட்ட தோடர் பற்றிய பெருநூலில் ஒளியாது எழுதியுள்ளார். அவர் குறிப்பேட்டின் நிறைவுக்காக அம்மனிதர் கொடுத்த விலை பெரிதென்பது எமது எண்ணம். தெய்வச் சினத்தை நம்பாதாரும், அச்சத்தோடு வாழ்ந்த அக்குடும்பங்களின் துயரை நம்பத்தானே வேண்டும்!

இத்துணை உழைத்தும் அவர் தோடமொழி கற்றாரல்லர். துபாசிகளின் வாய்வழியே கேட்டார். தந்தைவழிக் குலங்களை விரித்தெழுதியவர் தாய்வழிக் குலங்களும் இருந்தமையை அறியாது போயினார். தோடமொழியையே கற்ற எமனோ என்னும் அறிஞர் 1937இல் அதனை வெளிப்படுத்தினார். கேட்போரின் மொழியறியாது கேட்கும் கேள்விக்குப் பாதி விடையே கிடைக்கும் போலும்.

1908இல் மெலனீசியத் தீவுகளுக்குச் சென்றபோது கப்பலில் நிகழ்ந்தது ஒன்று. நியூவே தீவினர் சிலரிடம் அவர்தம் உறவுமுறைகளை வினவிக்கொண்டிருந்தார். கேள்விகள் முடிந்ததும் அவர்கள் தம் முறைக்கு வினவலாயினர்: நீர் ஒரு பொன் சம்பாதித்தால் பெற்றோர்க்கும் உடன்பிறந்தார்க்கும் பகிர்ந்தளிப்பீரோ? அவ்வாறு செய்வது எம் வழக்கமன்று என்றார் றிவேர்ஸ். அது கேட்டு அவர்கள் சிரித்த சிரிப்பு நெடுநேரம் அடங்கவில்லை. ஐரோப்பியர் பிறர் வழக்கங்களைக் கண்டு நகைப்பதும் இதுவும் ஒருதன்மையனவே என்பதைப் பின்னாளில் அவரே எழுதிவைத்தார். அளக்கச் சென்றவர் அன்று அளக்கப்பட்டார். அவர்தம் பெருநூல்கள் பலவற்றினும் இச்சிறு நிகழ்ச்சியையே யாம் பெரிதாக மதிக்கின்றோம்.

முதல் உலகப் போரின்போது, எடின்பரோவுக்கு அண்மையிலுள்ள கிறெய்க்லொக்கார்ட் மருத்துவமனையில், போர்க்கள அதிர்ச்சியால் மனமுடைந்த படையதிகாரிகளுக்கு மருத்துவராயினார். கவிஞர் சசூன் 1917இல் அவரிடம் வந்தவர். பட்டதை மறந்துவிடு என்று பிற மருத்துவர் கூற, இவரோ அதனைப் பேசச் செய்து பொறுமையோடு கேட்டார். திக்கித் திக்கிப் பேசிய அம்மனிதர்க்குப் பிறர் பேசும்வரை காத்திருக்கத் தெரிந்திருந்தது.

போருக்குப் பின் கேம்பிறிட்ஜ் திரும்பி, மாணவர்க்குத் தம் அறைக்கதவைத் திறந்தே வைத்திருந்தார். 1922இல் தொழிற்கட்சியின் சார்பில் இலண்டன் பல்கலைக்கழகத் தொகுதியிற் பாராளுமன்றத் தேர்தலுக்கு நிற்கவும் இசைந்திருந்தார். அவ்வாண்டு யூன் 4ஆம் நாள், குடலிறக்க நோய் திடீரென முற்றிக் காலமானார். அகவை 58. அவர் நிற்கவிருந்த இடத்தில் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் நின்று தோற்றார்.