வில்லில் சக்கரம் மாட்டிய ஆலன்... உங்கள் கை நீளத்தை ஏன் கேட்கிறார்?

குயிலாப்பாளையத்தில் ஏதாவது ஒரு தையல் கடையில் இன்ச் டேப்பைக் கொஞ்சம் கடன் வாங்குங்கள். சுவரில் முதுகை ஒட்டி நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, இந்த நடுவிரல் நுனியிலிருந்து அந்த நடுவிரல் நுனி வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். 65 அங்குலம் வருகிறதா? அதை 2.5-ஆல் வகுத்தால் 26. காம்பவுண்ட் வில் வாங்கப்போனால் கேட்கப்படும் முதல் கேள்விக்கு இதுதான் ஏறக்குறைய பதில். 'டிரா லென்த்' என்பார்கள். நாணை முழுசாக இழுத்துப் பிடிக்கும்போது நாணுக்கும் வில்லுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்கிற கணக்கு.

நம்ம ஊரில் மூங்கிலை வளைத்து வில் செய்து விளையாடியவர்கள் யாரும் இப்படி அளவெடுத்தது கிடையாது. கைக்கு எட்டினவரை இழுப்போம், விடுவோம், அவ்வளவுதான். வில்லுக்குச் சட்டை மாதிரி அளவெடுக்க வேண்டிய நிலைமையைக் கொண்டுவந்தவர் ஒரு அமெரிக்கர். பெயர், ஹோலிஸ் வில்பர் ஆலன்.

1909 ஜூலை 12-ல் பிறந்தவர். மிசௌரி மாநிலத்தில் பில்லிங்ஸ் என்கிற சின்ன ஊர்க்காரர். வில்லோடு மான் வேட்டைக்குப் போகிற பழக்கம் அவருக்கு உண்டு. மான் வேட்டை நம் ஊரில் ஜெயிலுக்குப் போகிற விஷயம். அங்கே லைசென்ஸ் வாங்கிச் செய்கிற பொழுதுபோக்கு. ஆனால், ஆலனுக்குப் பொழுது போனதே தவிர மான் கிடைக்கவில்லை. அம்பு போய்ச் சேர்வதற்குள் மான் விலகிவிடும். அம்பு இன்னும் வேகமாகப் போக வேண்டும். அதற்கு வில் இன்னும் கனமாக இருக்க வேண்டும். கனமான வில்லை இழுத்துப் பிடித்துக் குறிபார்க்க மனுஷ உடம்பு ஒத்துழைக்காது. இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார் ஆலன்.

பழைய வில்லின் கஷ்டமே அதுதான். இழுக்க இழுக்க பாரம் ஏறிக்கொண்டே போகும். 50 பவுண்டு வில் என்றால், முழுசாக இழுத்துக் குறிபார்க்கிற அந்த விநாடியில்தான் 50 பவுண்டும் விரலில் நிற்கும். நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 23 கிலோ. ஒரு பெரிய அரிசி மூட்டையை மூன்று விரலில் மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, கை நடுங்காமல் குறிபார்க்க வேண்டும். கை எப்போது அசையாமல் இருக்க வேண்டுமோ, சரியாக அப்போதுதான் பாரம் உச்சத்தில் இருக்கும்.

ஆலனுக்குத் தோன்றியது, கயிறும் சக்கரமும். நம்ம கிணற்று ராட்டினம்தான். வில்லின் இரண்டு முனைகளிலும் சக்கரத்தை மாட்டி நாணை அதன் வழியாக ஓட விட்டார். ஆனால் ராட்டினத்துக்கு அச்சு நட்டநடுவில் இருக்கும். அதனால், குடம் மேலே வரும்வரை ஒரே பாரம்தான். அந்த அச்சை ஒரு ஓரமாகத் தள்ளிவைத்தால்? ஆலனின் மொத்த வாழ்க்கையும் இந்த ஒரு ஓட்டையில் இருக்கிறது. அச்சு ஓரமாகப் போனதும், சக்கரம் சுழலச் சுழல நெம்புகோலின் நீளம் மாறுகிறது. பாதி இழுப்பில் பாரம் உச்சத்துக்குப் போகிறது. கடைசியில் சட்டென்று இறங்கிவிடுகிறது. வில்லின் கைகள் முழு பலத்தோடு வளைந்து காத்திருக்க, விரலில் மட்டும் பாரம் குறைவு. இன்றைய வில்களில் 80 சதவிகிதம்வரைகூடக் குறைகிறது. அதாவது, 50 பவுண்டு வில்லை வெறும் 10 பவுண்டில் பிடித்துக்கொண்டு நிதானமாகக் குறிபார்க்கலாம்.

1966 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு 56 வயது முடியப்போகிறது. கிடைத்தது 1969 டிசம்பர் 30-ல், 60 வயதில். ரிட்டையர் ஆகிற வயதில் ஒருவர், ஆயிரக்கணக்கான வருஷமாக மனுஷன் பிடித்திருந்த ஒரு ஆயுதத்தின் அடிப்படையையே மாற்றியிருக்கிறார்!

ஆனால், மாற்றத்தை யாரும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. பெரிய வில் கம்பெனிகள் கண்டுகொள்ளவில்லை. சக்கரமும் கேபிளும் தொங்குகிற அந்த வில்லைப் பார்த்தவர்களுக்கு அது வில்லாகவே தெரியவில்லை. பாரம்பரிய வில்லாளர்கள் முகம் சுளித்தார்கள். வேட்டையில் பயன்படுத்தக் கூடாது என்று சில மாநிலங்களில் தடைகூட இருந்தது. கைகொடுத்தவர் டாம் ஜென்னிங்ஸ். கலிஃபோர்னியாவில் வில் செய்துகொண்டிருந்தவர், வில்வித்தைப் பத்திரிகையிலும் எழுதுபவர். ஆலனின் வில்லை எய்து பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. காம்பவுண்ட் வில்லை முறையாகத் தயாரித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

எழுபதுகளில் விற்பனை சூடுபிடித்தது. கூடவே வழக்குகளும் வந்தன. பணம் வர ஆரம்பித்தால் நட்புக்கு என்ன ஆகும் என்பதை நம்ம ஊர்ப் பங்காளிகளைக் கேட்டால் தெரியும். கடைசியில் ஆலன் தரப்பும் ஜென்னிங்ஸ் கம்பெனியும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றன. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் இல்லை என்று இருந்த இரண்டு பெயர்கள், ஒரே வழக்கின் தலைப்பில் வாதி, பிரதிவாதி.

ஆலன் முடிவுகளைப் பார்க்கவில்லை. 1979 ஜூன் 28-ல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். எழுபதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் பாக்கி. பிரவுனிங் கம்பெனிக்கு எதிரான வழக்கில், காப்புரிமை செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987-ல் உறுதிசெய்தது. அந்தக் காப்புரிமையின் 17 வருட ஆயுள் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிட்டிருந்தது.

சரி, டிரா லென்த் எங்கே வந்தது? அதே ஓட்டையில்தான். சக்கரம் குறிப்பிட்ட அளவு சுழன்று முடித்தால்தான் பாரம் இறங்கும். அந்த இடம் ஒவ்வொரு வில்லிலும் ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டது. உங்கள் கை அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டால், முழுப் பாரத்தையும் சுமந்துகொண்டு நிற்பீர்கள். தாண்டி இழுக்கப் பார்த்தால், சுவரில் முட்டின மாதிரி நின்றுவிடும். பழைய வில், ஆளுக்குத் தகுந்த மாதிரி வளைந்துகொடுத்தது. ஆலனின் வில்லில் முதலில் வில்லை ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்ற வேண்டும். இல்லையென்றால், ஆள் தன் உடம்பைக் கோணலாக்கிக்கொள்வார்.

அது எப்படித் தெரியும்? நீளம் அதிகமென்றால் இழுத்து நிற்கும்போது தலை பின்னால் சாயும், இடுப்பு வளையும், வில் பிடித்த முழங்கை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், நாண் முன்கையில் சுளீரென்று அடிக்கும். குறைவென்றால் முழங்கை மடங்கி, தோள்கள் குறுகி, கை தாடைக்கு வந்து சேராமல் முன்னாலேயே நிற்கும். ஆரம்பத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது நீளத்தைக் கூட்டி வைத்துக்கொள்வதுதான். அம்பு வேகமாகப் போகும் என்கிற ஆசை. அரை அங்குலம் கூடுதலாக வைத்துத் தோள்பட்டையைப் புண்ணாக்கிக்கொள்வதைவிட, கால் அங்குலம் குறைவாக வைப்பது நல்லது என்பேன்.

கை விரிப்பை 2.5-ஆல் வகுக்கிற கணக்கு ஆரம்பப் புள்ளி மட்டுமே. ஷீத்தல் தேவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் பகுதிப் பெண். பிறவியிலேயே கைகள் இல்லை. வில்லைக் காலால் பிடித்து, தோளால் இழுத்து, தாடையால் அம்பை விடுகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து கலப்பு அணியில் வெண்கலம். அந்தச் சூத்திரத்தை அவரிடம் கொண்டுபோய் என்ன செய்வது? இழுத்து நிற்கும் உடம்புதான் அவருக்கு அளவுகோல். கை இருக்கிறவர்களுக்கும் அப்படித்தான்.

முகம் சுளிக்கப்பட்ட அந்த வில் 1995-ல் உலக சாம்பியன்ஷிப்பில் நுழைந்தது, 2014-ல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் வந்தது. அந்த முதல் முறையே ஆண்கள் அணிப் பிரிவில் நமக்குத் தங்கம். 2023 ஹாங்சோவில் காம்பவுண்டின் ஐந்து தங்கங்களும் இந்தியாவுக்கே. விஜயவாடாவின் ஜோதி சுரேகா மட்டும் மூன்று தங்கங்களில் பங்கெடுத்தார். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் கலப்பு அணிப் போட்டியாக ஒலிம்பிக்கிலும் வருகிறது.

அதைப் பார்த்து வில் வாங்கும் ஆசை வந்தால், டேப் கணக்கோடு போங்கள். பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அம்பைப் பூட்டி, இலக்கைப் பார்த்து மட்டும் இழுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தலை நேராக, தோள்கள் ஒரே மட்டத்தில், நாண் மூக்கு நுனியைத் தொட்டபடி இருந்தால் சரி. இல்லையென்றால் சக்கரத்தில் இருக்கும் மாட்யூலை மாற்றி அரை அரை அங்குலமாகக் கூட்டலாம், குறைக்கலாம். பல வில்களில் ஒரு ஆலன் கீ போதும். அந்த ஆலன் வேற, நம்ம ஆலன் வேற. அம்பு பூட்டாமல் இழுத்து மட்டும் விட்டுவிடாதீர்கள். வளைந்து நிற்கிற அத்தனை பலமும் அம்புக்குப் போக வழியில்லாமல் வில்லையே உடைத்துவிடும்.