புத்தகயையும் அநகாரிக தர்மபாலரும்

பிறர் வாயிலில் நின்று வழிபாட்டுரிமை கேட்டோரின் வரலாற்றை வாசிக்குந்தோறும் என் நினைவில் முதற்கண் எழுபவர் அநகாரிக தர்மபாலர். 1864ஆம் ஆண்டு கொழும்பிலே செல்வ வணிகர் குடும்பமொன்றிற் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் தொன் டேவிட் ஹேவாவிதாரணை என்பது. கிறித்தவப் பாடசாலைகளிற் கற்றும் பௌத்தராகவே வளர்ந்தார். பின்னர் உத்தியோகத்தையும் இல்லற வாழ்வையும் துறந்து, வீடற்றவர் என்னும் பொருளுடைய அநகாரிகர் என்ற பெயரைத் தாமே பூண்டார்.

1891 சனவரியில் அவர் புத்தகயைக்குச் சென்றார். புத்தர் ஞானம் பெற்ற அத்தலம் அந்நாளிற் சைவத் துறவியர் மடமொன்றின் தலைவரான மகந்தின் ஆட்சியில் இருந்தது. அதன் நிலை கண்டு மனமுருகிய தர்மபாலர், அதனைப் பௌத்தருக்கு மீட்பதெனச் சங்கற்பஞ் செய்துகொண்டார். அவ்வாண்டு மே மாதத்திலேயே மகாபோதி சங்கம் கொழும்பிலே தோன்றிற்று.

1895 பெப்ரவரி 25ஆம் நாட் காலை, யப்பானியர் அளித்த புத்தர் திருவுருவொன்றைக் கோயிலின் மேற்றளத்தில் வைத்து வழிபடலானார். மகந்தின் ஆட்கள் வந்து அதனை அகற்றினர். வழக்கு எழுந்தது. கயை நீதவான் அவர்களுக்குத் தண்டனை விதித்தார்; அவ்வாண்டிலேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் அதனை நீக்கிற்று.

மகந்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. புத்தரைத் திருமாலின் அவதாரமாகக் கொள்ளும் இந்துக்கள் அப்போதி மரத்தடியிற் பிதிர்க்கடன் ஆற்றி வந்தனர். கோயிலும் பல தலைமுறையாக மடத்தின் கையில் இருந்தது. ஆயினும் உடைமை வேறு, வழிபாடு வேறு. உடைமையாளன் யார் என்று சட்டம் தேடுகின்றது. அடியவனோ விளக்கேற்ற ஓர் இடமே தேடுகின்றான்.

தர்மபாலர் வெற்றியைக் கண்டாரல்லர். சாரநாத்தில் மூலகந்தகுடி விகாரையை 1931இல் நிறுவி, துறவாடை பூண்டு, 1933 ஏப்ரல் 29இல் அங்கேயே மறைந்தார். இந்துக்கள் நால்வரும் பௌத்தர் நால்வரும் கொண்ட குழுவிடம் கோயிலை ஒப்படைக்கும் சட்டம் 1949இலேயே பிறந்தது. மாவட்ட ஆட்சியாளரே அதன் தலைவர். அவர் இந்துவாகவே இருத்தல் வேண்டும் என்ற விதி 2013இல் நீங்கிற்று. முழு உரிமை கோரிப் பிக்குகள் 2025இலும் உண்ணாநோன்பிருந்தனர்.

இலங்கைத் தமிழனாகிய எனக்கு இவ்வரலாறு எளிதானதன்று. புத்தகயையிற் சிறுபான்மையோனாய் நின்று நீதி கேட்ட இப்பெரியார், தாய்நாட்டிலே பெரும்பான்மையோருள் ஒருவராய் நின்று முஸ்லிம்களையும் தமிழரையும் கடுஞ்சொற்களாற் சாடி எழுதினார். அவ்வெழுத்துக்கள் விட்டுச்சென்ற புண் இன்னும் ஆறவில்லை. ஆயினும் அதன் பொருட்டு அவருடைய புத்தகயைக் கோரிக்கையை நான் தள்ளேன். அங்கு அவர் கேட்டது நியாயமே. அந்த நியாயத்தையே இந்நாட்டின் ஒவ்வொரு கோயில் வாயிலிலும், பள்ளிவாசல் முன்றிலிலும், விகாரை முற்றத்திலும் அளவுகோலாகக் கொள்வோமாயின், அவர் தொடங்கியதை அவரினும் செம்மையாக நாம் நிறைவேற்றியவராவோம்.