மரியா மாண்ட்டிசோரி

மரியா மாண்ட்டிசோரி (ஆகஸ்டு 31, 1870 – மே 6, 1952) இத்தாலி நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். பள்ளிப் பருவத்திற்கு முந்தைய குழந்தைகளின் கல்விக்கென அவர் உருவாக்கிய முறை மாண்ட்டிசோரி முறை என்றே வழங்கப்படுகிறது. 1939 முதல் 1946 வரை அவர் பெரும்பாலும் இந்தியாவில், அதிலும் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும், வாழ்ந்தார். இந்தியாவின் முறையான மழலைக்கல்வி ஆசிரியப் பயிற்சிக்கு வேராக அமைந்தவற்றுள் அந்த ஆண்டுகள் முக்கியமானவை.

இளமையும் கல்வியும்

இத்தாலியின் அங்கோனா மாகாணத்திலுள்ள கியாரவாலே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசு நிதித்துறை அலுவலர். தாய் ரெனில்டே ஸ்தோப்பானி நூற்பயிற்சி மிக்கவர். 1875-இல் குடும்பம் உரோமைக்குக் குடிபெயர்ந்தது. பெண்கள் ஆசிரியப் பணிக்குப் படிப்பதே வழக்கமாக இருந்த அக்காலத்தில், மரியா பதின்மூன்றாம் வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். ஆசிரியராகும்படி கூறப்பட்டபோது மறுத்தவர் பின்னாளில் ஆசிரியர்களுக்கே ஆசிரியரானார் என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

உரோமைப் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்று, 1893-இல் மருத்துவப் படிப்பில் நுழைந்தார். ஆண் மாணவர்களுடன் சேர்ந்து பிணஅறுவை செய்தல் தகாது எனக் கருதப்பட்டதால், அப்பயிற்சியைப் பிறர் சென்ற பின்னர் தனியாகவே செய்ய வேண்டியிருந்தது. 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் இப்பட்டம் பெற்ற முதற்சில பெண்களுள் இவரும் ஒருவர். அதே ஆண்டில் பெர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் கலந்துகொண்டு சம ஊதியம் குறித்துப் பேசினார்.

மனநல மருத்துவ விடுதியில் பணிபுரிந்தபோது, அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளைக் கண்டார். அவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என்ற முடிவுக்கு வந்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகின் ஆகியோரின் நூல்களை ஆழ்ந்து கற்றார். 1900-இல் இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளியின் இணை இயக்குநரானார். மறு ஆண்டே அப்பதவியை விட்டு விலகி, மருத்துவப் பட்டம் கையிலிருந்தும், மெய்யியலும் உளவியலும் மானிடவியலும் பயில மீண்டும் பல்கலைக்கழக மாணவியானார்.

உடன் பணிபுரிந்த மருத்துவர் ஜூசெப்பே மொந்தெசானோவுக்கும் இவருக்கும் 1898-இல் மாரியோ என்னும் மகன் பிறந்தான். இருவரும் மணந்துகொள்ளவில்லை. குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்க்கப்பட்டான். உலகக் குழந்தைகளுக்காக வாழ்ந்தவர் தம் குழந்தையைத் தம்மிடம் வைத்து வளர்க்க இயலாமற் போனதை வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிடுகின்றனர். மணமாகாத தாய் என்று அறியப்பட்டால் அவரது தொழில் வாழ்வு அன்றே முடிந்திருக்கும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

குழந்தைகள் இல்லம்

உரோமையின் சான் லொரென்சோ ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுவர் கவனிப்பாரின்றித் திரிந்து, புதுப்பிக்கப்பட்ட குடியிருப்புகளின் சுவர்களைப் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் வைத்துக் கவனிக்குமாறு கட்டட நிறுவனத்தார் மாண்ட்டிசோரியைக் கேட்டுக்கொண்டனர். 1907 சனவரி 6-ஆம் நாள் முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. முன்பு வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் பயன்படுத்திய கருவிகளை இங்குக் கொண்டுவந்தார். பொறுப்பில் அமர்த்தப்பட்டவர் ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண்.

அங்கே கண்டவையே அவரது முறைக்கு அடித்தளம். விலையுயர்ந்த பொம்மைகளைவிடப் பயனுள்ள வேலைகளையே குழந்தைகள் விரும்பினர். ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தனர். பரிசும் தண்டனையும் இன்றியே ஒழுங்கு கைவந்தது. குழந்தையின் உயரத்திற்கேற்ற நாற்காலி மேசைகள், கைக்கு எட்டும் அலமாரிகள் ஆகியன அமைக்கப்பட்டன. கருவிகளும் தனித்தன்மை உடையவை. எடுத்துக்காட்டாக, இளஞ்சிவப்புக் கோபுரம் என்பது ஒரு செ.மீ. முதல் பத்து செ.மீ. வரை பக்க அளவுள்ள பத்துக் கனச்சதுரக் கட்டைகள். உருளைகளைக் குழிகளில் பொருத்தும் கட்டையில் ஒன்றைத் தவறாக வைத்தால் இறுதியில் ஓர் உருளை இடமின்றி நிற்கும். ஆகவே தவற்றை ஆசிரியர் சுட்ட வேண்டியதில்லை, கருவியே சுட்டிவிடும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி ஒலியைக் கூறிப் பழகிய குழந்தைகள், நான்கு ஐந்து வயதிலேயே எழுதத் தொடங்கினர். நம் நாட்டில் மணலில் விரலால் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளி முறையை இது நினைவூட்டலாம். ஆனால் இங்கு மனப்பாடமோ பிரம்போ இல்லை.

பயிற்சி வகுப்புகள்

1909-இல் தம் முறையை விளக்கும் நூலை வெளியிட்டு, முதலாவது ஆசிரியப் பயிற்சி வகுப்பையும் நடத்தினார். மருத்துவத் தொழிலைக் கைவிட்ட பிறகு, பயிற்சி வகுப்புகளும் நூல்களுமே அவரது வருவாய்க்கு வழியாயின. விரிவுரை கேட்டல், ஒவ்வொரு கருவியையும் கையாளும் விதத்தை விளக்கிக் குறிப்பேடு எழுதுதல், குழந்தைகளிடையே பல மணிநேரம் பேசாமல் அமர்ந்து உற்றுநோக்கல் ஆகியன பயிற்சியின் கூறுகளாயின. மூன்றாவதே மிகக் கடினம் எனலாம். குறுக்கிடாமலிருக்க ஆசிரியர் கற்றாக வேண்டும்.

சான்றிதழ் பெற்றோர் பள்ளி நடத்தலாம், ஆனால் பிற ஆசிரியர்களைப் பயிற்றலாகாது என்பது அவரது விதி. தரம் கெடாமலிருக்க இது உதவியது. எனினும் பல்கலைக்கழகங்களிலிருந்து அவரது முறை விலகி நிற்கவும் இதுவே ஒரு காரணமாயிற்று. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914-இல் கடுமையாக விமர்சித்த பின்னர் அந்நாட்டில் ஆர்வம் குன்றியது. 1929-இல் மாரியோவுடன் இணைந்து பன்னாட்டு மாண்ட்டிசோரிக் கழகத்தை நிறுவினார். முசோலினி அரசு தொடக்கத்தில் ஆதரித்தது. பின்னர் பிணக்கு முற்றி 1934-இல் தாயகத்தை விட்டு வெளியேறினார். 1936-இல் உள்நாட்டுப் போர் காரணமாக எசுப்பானியாவிலிருந்தும் வெளியேற நேர்ந்தது.

இந்தியாவில்

அவர் வருமுன்பே அவரது கருத்துகள் இந்தியாவை எட்டியிருந்தன. குசராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-இல் பால மந்திரைத் தொடங்கினார். தாராபாய் மோதக் அவருடன் பணியாற்றினார். 1931-இல் காந்தியடிகள் இலண்டனில் மாண்ட்டிசோரியைச் சந்தித்தார்.

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பின் பேரில் 1939 இறுதியில் மாண்ட்டிசோரி மாரியோவுடன் சென்னை வந்தார். சில மாதங்கள் மட்டும் தங்குவதாகவே திட்டம். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் வகுப்பில் ஏறத்தாழ முந்நூறு பேர் சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரித்தானிய இந்திய அரசுக்கு இருவரும் பகைநாட்டுக் குடிகளாயினர். மாரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். மாண்ட்டிசோரி அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அவரது எழுபதாம் பிறந்த நாளன்று வைசிராய் மாரியோவை விடுவித்தார். அதுவரை உறவினர் என்றும் வளர்ப்பு மகன் என்றும் அறிமுகப்படுத்தப்பட்டு வந்தவரை வைசிராயின் செய்தி மகன் என்றே குறிப்பிட்டது. நாற்பதாண்டுக் காலம் மறைத்த உறவு இவ்வாறு சென்னையில் வெளிப்பட்டது.

பயணக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபின் பல நகரங்களில் வகுப்புகள் நடத்தினார். 1942 முதல் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். அங்கு நடந்த சிறு பள்ளியில் பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயின்றனர். சுற்றியிருந்த செடிகொடிகளையும் உயிரினங்களையும் பாடமாகக் கொண்டு, ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்கான அண்டக் கல்வி என்னும் கருத்தை வளர்த்தார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்தின அங்கு உதவியவர்களுள் ஒருவர். 1944-இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடைபெற்றது. பிறப்பு முதல் மூன்று வயது வரையான பருவத்தில் அவரது நாட்டம் இந்திய ஆண்டுகளில் மிகுந்தது. அக்கால விரிவுரைகளிலிருந்து உருவான, குழந்தையின் ஈர்க்கும் மனம் பற்றிய நூல் 1949-இல் சென்னையில் வெளியானது. புதிய உலகுக்கான கல்வி பற்றிய நூலை 1946-இல் கலாசேத்திரா வெளியிட்டது.

1946-இல் ஐரோப்பா திரும்பினார். 1947-இல் மீண்டும் இந்தியா வந்து வகுப்புகள் நடத்தினார். இந்தியாவில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். அவருக்குப்பின் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆல்பர்ட் யோஸ்டன் இந்தியப் பயிற்சி வகுப்புகளைத் தொடர்ந்தார்.

இறுதிக்காலமும் பின்னரும்

1949 முதல் 1951 வரை மூன்று முறை அமைதிக்கான நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டார், பரிசு கிட்டவில்லை. நெதர்லாந்தின் நோர்ட்வைக் கடற்கரை ஊரில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். இந்தியா 1970-இல் அவரது நூற்றாண்டுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 1990-இல் வந்த இத்தாலியின் ஆயிரம் லீரா தாளில் அவரது உருவம் இடம்பெற்றது.

மாண்ட்டிசோரி என்ற பெயர் எவருக்கும் தனியுரிமை அன்று என 1967-இல் அமெரிக்காவில் தீர்ப்பானது. தமிழ்நாட்டிலும் இப்பெயரைத் தாங்கிய பள்ளிகள் ஊர்தோறும் உள்ளன. அவற்றுள் பயிற்சி பெற்ற ஆசிரியரும் முழுமையான கருவிகளும் உடையவை உண்டு. பெயர்ப்பலகை மட்டுமே உடையனவும் உண்டு. கருவிகளின் விலை காரணமாக இம்முறை பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளுக்கு உரியதாயிற்று. கூலித்தொழிலாளர் குழந்தைகளுக்கு 1975-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகளே புகலிடம். சான் லொரென்சோவில் முதலில் சேர்ந்தவர்கள் அத்தகைய குழந்தைகளே ஆவர்.