சர்க்யூட் மாதிரி ஒரு ரயில் மேப்

ஒரு ஸ்கீமேட்டிக்கை ஒரு லைப்ரரியிலிருந்து இன்னொரு லைப்ரரிக்கு மாத்திப் பார்த்திருக்கீங்களா? பழசுல அடக்கமா இருந்த ரெசிஸ்டர், புதுசுல ரெண்டு மடங்கு பெரிசா வந்து நிக்கும். சின்னதாக்கிடலாம்னு 0.8-ஆல் பெருக்கினா சிம்பல் அழகாயிடும், ஆனா பின்கள் கிரிட்டை விட்டு விலகிடும். வயர் பின்னைத் தொடுற மாதிரியே தெரியும்; நெட்லிஸ்ட்டில் கனெக்‌ஷன் இருக்காது. ஸ்கீமேட்டிக்கில் அளவு எப்படி வேணா இருக்கலாம், இணைப்பு மட்டும் மாறவே கூடாது. இதே விதியை ஒரு நகரத்து மேப்பில் கொண்டு போய் வைத்தவர் ஹாரி பெக்.

1902-ல் லண்டனின் லேட்டன் பகுதியில் பிறந்தவர். லண்டன் அண்டர்கிரவுண்ட் ரயிலின் சிக்னல் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன், அதுவும் தற்காலிக வேலை. மேப் வரையச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. 1931-ல் ஓய்வு நேரத்தில் அவராகவே வரைய ஆரம்பித்தார்.

அப்போது இருந்த மேப், ஊரின் உண்மையான தூரங்களையே ஒட்டி இருந்தது. நடு லண்டனில் ஸ்டேஷன்கள் ஒன்றன் மேல் ஒன்று நெருக்கிக் கிடக்கும். புறநகரில் வெறும் இடம். பெக் யோசித்தது எளிமையான விஷயம்தான். சுரங்கத்துக்குள் போகிறவருக்கு மேலே எந்தத் தெரு இருக்கிறது என்பது எதற்கு? எங்கே ஏறணும், எங்கே மாறணும், எங்கே இறங்கணும், அவ்வளவுதானே. ரெசிஸ்டருக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவில் போர்டில் எத்தனை மில்லிமீட்டர்னு ஸ்கீமேட்டிக்கில் நாம் கேட்பதில்லை, அது மாதிரி. எல்லா வழித்தடங்களையும் கிடைமட்டம், செங்குத்து, 45 டிகிரி சாய்வு என்று நேராக்கினார். நடுப்பகுதியைப் பெரிதாக்கி, ஓரங்களைச் சுருக்கினார். தரைக்கு மேலே இருப்பதில் தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார், பாவம் அதையும் கோணல் கோணலாக மடித்து!

சிம்பல் விஷயத்தில்தான் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். முதல் வரைவில் ஸ்டேஷன்கள் புள்ளிகள். அச்சுக்குப் போகும்போது அவை சின்னக் கோடுகளாக மாறின; அந்தக் கோடு ஸ்டேஷனின் பெயர் இருக்கும் பக்கமே நீட்டிக்கொண்டிருக்கும், எந்தப் பெயர் எதற்கு என்ற குழப்பமே வராது. ரயில் மாறும் இடத்துக்கு மட்டும் டைமண்ட் வடிவம்.

முதலில் நிராகரித்தார்கள். மறுபடி கொடுத்தார். 1932-ல் கொஞ்சம் பிரதிகள் சோதனைக்கு அச்சாகின. 1933 ஜனவரியில் 7 லட்சம் பாக்கெட் மேப்கள் வெளிவந்தன, சீக்கிரமே மறு அச்சும் தேவைப்பட்டது. கூட வேலை செய்தவர்கள் இது சர்க்யூட் படம்தானே என்று கிண்டல் செய்ய, ஸ்டேஷன் பெயர்களுக்குப் பதில் எலெக்ட்ரிக்கல் வார்த்தைகளைப் போட்டு ஊழியர் பத்திரிகைக்கு ஒரு நையாண்டி மேப்பே வரைந்து கொடுத்தார் மனுஷன். அதில் பேக்கர்லூ லைன், பேக்கர்லைட் லைன் ஆகியிருந்தது!

அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த மேப்பைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஒரு லைன் நீண்டால், ஒரு பெயர் இடித்தால், பக்கத்தில் இருப்பதை எல்லாம் நகர்த்தணும். லைப்ரரி மாற்றியவர்களுக்கு அந்த வலி தெரியும்.

1960-ல் அவருக்குத் தெரியாமலே வேறொருவர் வரைந்த மேப் வெளியானது. ஹாரல்ட் ஹட்சிசன் என்ற விளம்பரத்துறை அதிகாரி வரைந்தது. வளைவுகள் போய் முரட்டு மூலைகள், நெருக்கியடித்த பெயர்கள். இனிமேல் வரும் திருத்தங்களும் தன் வழியாகத்தான் நடக்கும் என்று நம்பியிருந்த பெக், வருஷக்கணக்கில் கடிதம் எழுதிப் போராடினார். அப்போது வரவிருந்த விக்டோரியா லைனைச் சேர்த்துப் புது வரைவும் அனுப்பினார். எடுத்துக்கொள்ளவில்லை. 1964-ல் பால் கார்பட் என்பவர் வரைந்த மேப் ஹட்சிசனுடையதை ஓரங்கட்டியது. பார்த்தால் அது பெக்கின் பாணிதான், ஆனால் வேலை பெக்குக்குத் திரும்பி வரவில்லை.

1974-ல் இறந்தார். இப்போதைய லண்டன் டியூப் மேப்பை டவுன்லோட் செய்து ஜூம் பண்ணிப் பாருங்க. 1931-ல் ஹாரி பெக் உருவாக்கிய வடிவத்திலிருந்து வந்தது என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அவர் உயிரோடு இருந்து அதைப் பார்க்கவில்லை.